கட்டத்துக்கு ஒரு முறை

என் தையல் மிஷினை நிறுத்தச் சொல்லும் தைரியம் இந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் உண்டு. அவள் என் தம்பியின் பெண்டாட்டி. தம்பிக்கே அந்தத் தைரியம் கிடையாது. ராத்திரியெல்லாம் லாரி ஓட்டிவிட்டு வந்து பகலில் தூங்குகிறவன், காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுப்பானே தவிர, "அக்கா, கொஞ்சம் நிறுத்து" என்று ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. இவள் நேரே வந்து நின்று, "அக்கா, மத்தியானம் ஒரு மணி நேரம் மிஷின் ஓடக் கூடாது. கிளாஸ் இருக்கு" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள்.

"எங்க கிளாஸ்? ஸ்கூல்தான் பூட்டிக் கிடக்கே?"

"இங்கதான். உங்க கட்டிங் டேபிள்ல."

கத்தரிக்கோல் அப்போது என் கையில் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

அவள் ஒரு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். அந்த வருஷம் பெய்த மழையில் பள்ளிக்கூடத்துக் கூரை ஒரு பக்கம் இறங்கிவிட்டது. விடுமுறை நாளாக இருந்ததால் ஒரு பிள்ளைக்கும் அடிபடவில்லை. கட்டிடம் சரியாகிற வரைக்கும் பாடமெல்லாம் ஆன்லைனில் என்றார்கள். சரியாகிற வரைக்கும் என்றால் என்ன, அந்த வருஷம் முழுக்கத்தான். எங்கள் வீட்டில் நல்ல வெளிச்சம் விழுகிற இடம் ஜன்னலோரம் இருக்கும் என் மேஜை ஒன்றுதான். ஆக, பிழைப்பு நடத்துகிறவள் மூலைக்குப் போனேன், டீச்சரம்மா நடுவில் வந்து உட்கார்ந்தாள். அந்த ஒரு மணி நேரத்துக்கு நான் ஊசியும் நூலுமாகப் பொத்தான் தைக்கிற வேலையை ஒதுக்கி வைத்துக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று உத்தரவு. எனக்கு! காதை மூடு என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எடுத்த எடுப்பிலேயே டீச்சரானவள் இல்லை அவள். ஒரு செருப்புக் கடையில் குழந்தைகள் பிரிவில் நின்றவள். நாள் முழுக்கத் தரையில் மண்டியிட்டு, சின்னச் சின்னக் கால்களில் செருப்பு மாட்டிவிடுகிற வேலை. அங்கே வருகிற அம்மாக்கள் எல்லாரும் ஒரே ரகம் என்பாள். "கடிக்குதாடா?" என்று பிள்ளையைக் கேட்டுவிட்டு, "கடிக்கலையாம்" என்று பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்களாம். இவள் அம்மாவின் முகத்தையே பார்க்க மாட்டாளாம். பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "எங்க கடிக்குது, காட்டு" என்பாளாம். பிள்ளை விரலை வைத்துக் காட்டிவிடும். அந்த வேலை பார்த்துக்கொண்டே சாயங்காலப் படிப்பில் சேர்ந்து, டீச்சர் வேலைக்குப் படித்து முடித்தாள். அவள் வயசுக்காரிகள் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டிருந்தபோது இவள் வேலைக்குச் சேர்ந்தாள். என் தம்பி செருப்பு வாங்கப் போய்ப் பெண்டாட்டியோடு வந்த கதையை அவனே சொன்னால்தான் நன்றாக இருக்கும். அவன் தூங்கி எழுந்திருக்கட்டும்.

அந்த மத்தியான வகுப்பு படப் புத்தக வகுப்பு. என் அளவுக் கோலை ரெண்டு மரக்கட்டை மேல் குறுக்கே வைத்துக் கிளிப் போட்டு, அதில் போனைக் கவிழ்த்துக் கட்டியிருந்தாள். போனுக்குக் கீழே புத்தகம். எதிரே பழைய லேப்டாப்பில் பிள்ளைகள், ஆளுக்கொரு கட்டத்தில். பக்கத்தில் இருக்கிற எழுத்தை என் லைனிங் துணித் துண்டால் மூடிவிடுவாள். படம் மட்டும் தெரியும். "என்ன தெரியுது?" என்று ஒரு கேள்வி. யாராவது பதில் சொன்னால், "எங்க?" என்று இன்னொரு கேள்வி. அவ்வளவுதான் பாடம். முதல் நாள் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

"இதுக்கு எதுக்கும்மா டீச்சர்? படத்தைச் சுவத்துல மாட்டிட்டுப் போயிடலாமே" என்றேன்.

"நாளைக்கும் உக்காந்து கேளுங்க, அப்புறம் பேசுவோம்" என்றாள் அவள். அவளுக்கும் வாய் உண்டு.

முதலில் ஒரே சந்தைக்கடை. எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கத்தும். சுவருக்குப் பின்னால் மறைந்து நின்று அம்மாக்கள் கிசுகிசுப்பார்கள். ஏழு வயசுப் பிள்ளை ஒன்று, "இந்தப் படம் ஒற்றுமையின் பெருமையை விளக்குகிறது" என்று சொன்னதைக் கேட்டு நான் ஊசியைக் கையில் குத்திக்கொண்டேன். டீச்சரம்மா சிரிக்கவே இல்லை. "சுவத்துக்குப் பின்னாடி இருக்கிறவங்களும் முன்னாடி வந்து கை தூக்கலாம். அவங்களுக்கும் ஒரு முறை தரேன்" என்றாள். அன்றோடு சுவர்கள் எல்லாம் மௌனமாகிவிட்டன.

இன்னொரு நாள் கரடிப் புத்தகம். கரடி குகைக்குள் படுத்திருக்கிறது, வெளியே பனி. உள்ளறையில் என் தம்பி விட்ட குறட்டை லேப்டாப் வழியே எல்லா வீட்டுக்கும் போயிருக்கிறது. "டீச்சர், கரடி சத்தம் கேக்குது!" என்று ஒரு பையன் சொன்னான். "எங்க?" என்று இவள் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டாள். "உங்க வீட்டுலதான் டீச்சர்" என்றான் அவன். நான் சமையலறைக்குள் ஓடிப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

கத்தலுக்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். என் பொத்தான் டப்பாவிலிருந்து கட்டத்துக்கு ஒன்றாகப் பொத்தான்களை எடுத்து ஒரு தட்டில் போட்டாள். ஒரு படத்துக்கு, ஒரு கட்டத்துக்கு ஒரு முறை. பேசி முடித்தால் அந்தக் கட்டத்தின் பொத்தான் தட்டிலிருந்து இறங்கிவிடும். அப்புறம் அடுத்த படம் வரைக்கும் மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். முறையில்லாமல் மைக்கைத் திறந்து பேசுவதைவிடப் பெரிய குற்றம் அந்த வகுப்பில் இல்லை. பிள்ளைகள் அந்த ஒரு முறையைக் கட்டித் தங்கம் மாதிரி வைத்துக்கொள்வார்கள். யோசித்து யோசித்துத்தான் கை தூக்குவார்கள். நல்ல ஏற்பாடு என்று நான்கூடப் பாராட்டினேன்.

அதில் ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. பிள்ளைகள் தங்கள் வீட்டுத் திரையில் விரலை வைத்து, "இதோ, இங்க" என்பார்கள். அவர்கள் விரல் இவளுக்கு எப்படித் தெரியும்? "வாயால சொல்லு கண்ணா. எதுக்குப் பக்கத்துல? எதுக்குக் கீழ?" என்று கெஞ்சுவாள். முதல் மாதத்தில் ஒரு நாள் ஒரு கட்டத்திலிருந்து ஒரு மெல்லிய குரல், "இதோ... இதோ டீச்சர்... இங்க பாருங்க..." என்று சொல்லிக்கொண்டே இருந்தது. இவளும் எங்கே எங்கே என்று கேட்டுப் பார்த்தாள். நேரம்தான் போயிற்று. "சரிம்மா, அடுத்த தடவை பாப்போம்" என்று பொத்தானை இறக்கிவிட்டாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு தடவையாவது ஆகியிருக்கும். போகப் போக, "குடைக்காரர் காலுக்கு நடுவுல", "ரெண்டாவது ஜன்னலுக்கு மேல" என்று அழகாகச் சொல்லப் பழகிவிட்டார்கள்.

எனக்கு அந்த வகுப்பில் ஒரு செல்லம் இருந்தது. இரட்டைப் பிள்ளைகள் ரெண்டு பேர், ஒரே போன், ஒரே கட்டம். அப்பா முடி திருத்துகிறவர். அவர் போன் கடைக்குப் போய்விடும், அம்மாவின் போனில்தான் ரெண்டும் படிக்கும். ஒருத்தி கட்டம் முழுக்க உட்கார்ந்துகொண்டு கணீரென்று பேசுவாள். அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தேன். இன்னொருத்தியின் நெற்றி மட்டும் ஓரத்தில் தெரியும். அதனால் அவள் நெற்றி. ரேடியோ வாயைத் திறந்தால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். மற்ற பிள்ளைகள் பூனையைப் பார்த்தால், இவள் பூனை எதைப் பார்க்கிறது என்று சொல்வாள். பேசுவதற்கு முன்னால் ஒரு நொடி பக்கவாட்டில் சாய்வாள், பிறகு ஆரம்பிப்பாள். "இந்தப் பொண்ணு பெரிய ஆளா வரும் பாரு" என்று நான் சொல்லாத நாள் இல்லை. நெற்றியைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? நெற்றிதான்.

வருஷக் கடைசியில் ஹெச்.எம். போன் செய்தார். தலைமை ஆசிரியை. நல்ல மனுஷிதான், ஆனால் கண்டிப்பு. டீச்சரம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், அதனால் நானும் கேட்டேன். ரெண்டாம் மாதத்திலிருந்து வகுப்புகளைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள், அதையெல்லாம் போட்டுப் பார்த்தாராம். இரட்டையரில் ஒருத்தியின் குரல் எதிலும் இல்லை. எழுதி அனுப்பிய தாள்களோ ரெண்டும் அச்சு அசலாக ஒன்று. யார் யாரைப் பார்த்து எழுதியது என்று யாருக்குத் தெரியும்? ஆகவே ஒருத்தி மூன்றாம் வகுப்புக்குப் போகட்டும், இன்னொருத்தி இரண்டாம் வகுப்பிலேயே இன்னொரு வருஷம் இருக்கட்டும் என்றார்.

டீச்சரம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "மேடம், அந்தப் புள்ள எல்லாத்தையும் கவனிக்குது. நெத்தியப் பாத்தாலே தெரியும்."

"நெத்தியப் பாத்து மார்க் போட முடியாதும்மா. ஒரு வார்த்தை பேசியிருக்கா? ஒண்ணே ஒண்ணு காட்டு."

காட்ட ஒன்றும் இல்லாததால் இவள் கெஞ்சினாள். கடைசியில் ஹெச்.எம். இறங்கி வந்தார். வருஷத்தின் கடைசி வகுப்புக்குத் தானே வந்து உட்காருவதாகவும், ரெண்டு பிள்ளைகளும் தனித்தனிப் போனில், தனித்தனி இடத்தில் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். யாருக்கு என்ன தெரியும் என்று அப்போது பார்த்துவிடலாம்.

அந்தப் பிள்ளைகளின் அம்மாவுக்குச் சொல்லாமல் முடியுமா? சொன்னாள். அந்தப் பக்கம் அழுகை. "ஒரே வயித்துல இருந்தவங்க டீச்சர். ஒருத்தி மேல போய், ஒருத்தி கீழ உக்காந்தா, அது என் புள்ள மனசுல என்னைக்காவது ஆறுமா? அவ வீட்டுல பேசறா டீச்சர். நெஜமாப் பேசறா."

"அப்ப ஏன் இங்க பேச மாட்டேங்கறா?"

"கேட்டா சிரிக்கறா."

மறுநாள் வகுப்பில் டீச்சரம்மா, "இன்னைக்கு உன் அக்கா வேண்டாம், நீ சொல்லும்மா" என்று நெற்றியைக் கூப்பிட்டுப் பார்த்தாள். நெற்றி இன்னும் கீழே இறங்கி, தலைமுடி மட்டும் தெரிந்தது. "அவளுக்குச் சரியா சொல்ல வராது டீச்சர், நானே சொல்லிடறேன்" என்று ரேடியோ அவசரமாகக் குறுக்கே வந்தாள். வகுப்பு முடிந்ததும் டீச்சரம்மா சாப்பிடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, நீ என்ன பண்ணுவே? வராத புள்ளைக்கு நீயா வாயைத் தச்சுக் குடுக்க முடியும்?" என்றேன்.

"அதுக்கு எங்கயோ கடிக்குது அக்கா. எங்கன்னுதான் எனக்குத் தெரியல."

கடைசி வகுப்பன்று எனக்கே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பொத்தானைத் தப்பான பக்கம் தைத்துப் பிரித்தேன். ஹெச்.எம். ஒரு கட்டத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரேடியோ அப்பாவின் கடையில், சுழல் நாற்காலியில் இருந்தாள். முன்னும் பின்னும் கண்ணாடி என்பதால் அந்த ஒரு கட்டத்துக்குள் ஏகப்பட்ட ரேடியோக்கள் தெரிந்தார்கள். பின்னால் யாரோ முகமெல்லாம் சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தார். நெற்றி வீட்டில் தனியாக இருந்தாள். கேமரா சரியாக வைக்கப்பட்டிருந்தது. அன்றுதான் அவளுக்கு மூக்கும் வாயும் இருப்பதை நான் பார்த்தேன்.

படம் இதுதான். மழை. ஒரு பஸ் நிறுத்தம். கூரைக்குக் கீழே நாலைந்து பேர், ஒரு நாய், ஒரு பெண்மணியின் பை, தரையெல்லாம் தண்ணீர்.

டீச்சரம்மா முதலில் ரேடியோவைக் கூப்பிட்டாள். அவள் நன்றாகச் சொன்னால் மற்றவளுக்கும் தைரியம் வரும் என்ற நினைப்பு.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல டீச்சர்."

"நல்லா பாரும்மா. யார் யார் நிக்கறாங்க?"

"தெரியல டீச்சர்."

"மழை பெய்யுதா?"

"தெரியல."

கண்ணாடியில் இருந்த அத்தனை ரேடியோக்களும் உதட்டை இறுக்கிக்கொண்டன. ஹெச்.எம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒரு பிள்ளையைக் காப்பாற்றப் போய் ரெண்டு பிள்ளையும் போகிறதே! இந்தப் பொண்ணுக்கு என்ன ஆயிற்று? "அடியே, வாயத் திற!" என்று கத்த வந்த வார்த்தையைப் பல்லைக் கடித்து அடக்கினேன். டீச்சரம்மா பொத்தான் தட்டின் மேல் கையை வைத்தாள். முறை முடிந்துவிட்டதே, எடுக்கத்தானே வேண்டும்? எடுத்தாள்.

அப்போது யாரும் கூப்பிடாமல், கை தூக்காமல், ஒரு மைக் திறந்துகொண்டது.

"டீச்சர், அவ பொய் சொல்றா!"

அந்த மெல்லிய குரலை நான் ஏற்கெனவே எங்கேயோ கேட்டிருந்தேன். நெற்றி எழுந்து நின்றிருந்தாள். அழுகையும் கோபமும் சேர்ந்து முகம் சிவந்திருந்தது. "அவளுக்கு எல்லாம் தெரியும் மேடம். நான் மூணாவதுக்கு வரமாட்டேன்னு அம்மா அழுதாங்கல்ல, அதனால அவளும் வரமாட்டாளாம். தெரியலன்னு சொன்னா அவளையும் நிறுத்திடுவீங்களாம். அவள நிறுத்தாதீங்க. அவ நல்லாப் படிப்பா."

"சும்மா இருடி!" என்று சலூனிலிருந்து ரேடியோ கத்தினாள். சோப்பு நுரைக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

ஹெச்.எம். முன்னால் குனிந்தார். "சரி. அவளுக்குத் தெரியும்னு சொல்றே. உனக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"சொல்லு."

நெற்றி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். "பஸ் வந்துடுச்சு."

டீச்சரம்மா படத்தைக் குனிந்து பார்த்தாள். நானும் எழுந்து வந்து அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். படத்தில் பஸ்ஸே கிடையாது.

"எங்க?" என்றாள் டீச்சரம்மா.

"பஸ் படத்துல இல்ல டீச்சர். கீழ, சிவப்பு செருப்பு போட்டவங்க காலுக்குப் பக்கத்துல தண்ணி தேங்கியிருக்கு. அந்தத் தண்ணிக்குள்ள ரெண்டு மஞ்சள் வெளிச்சம் இருக்கு. அது பஸ்ஸோட லைட். எல்லாரும் அந்தப் பக்கம்தான் பாக்கறாங்க. நாய் மட்டும் பாக்கல, அதுக்குப் பஸ்ல போக வேண்டாம். அந்தம்மா பை வாயைக் கையால மூடியிருக்காங்க. பைக்கு வெளிய ஒரு வால் நுனி. பூனையைப் பஸ்ல ஏத்த விடமாட்டாங்கன்னு ஒளிச்சு வச்சிருக்காங்க."

வகுப்பு மொத்தமும் திரைக்கு நெருங்கி வந்து வாலைத் தேடியது. ஹெச்.எம்.மும் தேடினார். இருந்தது. பொத்தான் அளவுகூட இல்லை, ஆனால் இருந்தது.

"இவ்வளவு பாக்கறியே, இந்த வருஷம் பூரா ஏன் வாயே திறக்கல?" என்றார் ஹெச்.எம். அதட்டல் எல்லாம் போய், நிஜமாகத் தெரிந்துகொள்ளக் கேட்டார்.

நெற்றிக்கு அந்தக் கேள்வியே விளங்காத மாதிரி இருந்தது. "எங்க கட்டத்துக்கு ஒரு முறைதானே மேடம்? நாங்க ரெண்டு பேரு. முதல்ல ஒரு தடவை நான்தான் பேசினேன். எனக்கு எங்கன்னு சொல்ல வரல, விரலைத்தான் காட்டினேன். டீச்சருக்குத் தெரியல, முறை போயிடுச்சு. அன்னைக்கு அவ ரொம்ப அழுதா, ஒரு முறையை நான் வீணாக்கிட்டேன்னு. அதுலேர்ந்து நான் பாத்து அவ காதுல சொல்வேன், அவ பேசுவா. அப்பதான் வீணாகாது."

ஐயோ என்று இருந்தது எனக்கு. சாய்ந்து சாய்ந்து அந்தப் பெண் பேசியது இதற்குத்தானா? எத்தனை மத்தியானம் நான் ரேடியோ ரேடியோ என்று கொண்டாடியிருப்பேன்.

ஹெச்.எம். பேனாவை எடுத்து எதிரே இருந்த தாளில் ஏதோ எழுதினார். பிறகு, "ரெண்டு பேரும் மூணாவதுக்குப் போறாங்க. இதுல இனிமே பேச ஒண்ணும் இல்ல" என்றார். சலூனில் நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றியது. ரேடியோ கைதட்ட, கண்ணாடியில் எல்லாரும் கைதட்டினார்கள். வீட்டுக் கட்டத்துக்குள் அம்மா ஓடி வந்து நெற்றியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சந்தோஷப்பட வேண்டியவள் டீச்சரம்மா. அவளோ பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் அடித்துக்கொள்ளாமல், ஆளுக்கொரு வாய்ப்புக் கிடைக்கட்டும் என்று அவள் பார்த்துப் பார்த்துச் செய்த ஏற்பாடு அது. ரெண்டு பிள்ளைகள் இருந்த அந்தக் கட்டத்துக்கும் தட்டில் எப்போதும் ஒரே ஒரு பொத்தான்தான் போட்டிருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"இத ஏம்மா ஒரு நாளும் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கக்கூட இல்லை. "டீச்சர், நாங்க ரெண்டு பேர் இருக்கோம்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே கண்ணு."

அம்மாவின் கைக்குள்ளிருந்து நெற்றி தலையை நீட்டிப் பார்த்தாள்.

"எப்படி டீச்சர் சொல்றது? சொன்னா அதுவே எங்க முறையா ஆயிடுமே."